ஊசி பிடிக்கவில்லையா? முதலில் கலண்டரை எடுங்கள்

இரண்டு மாதத்துக்கு முந்தி ஒரு காலை, பக்கத்து வளவு மாமா வேலியடியில் நின்று கூப்பிட்டார். “தம்பி, நாலாவது ஊசியும் பிடிக்கேல்ல. உள்ளுக்க வெறும் தண்ணியத்தான் வச்சு அடிக்கிறாங்க போல.” ஊசி என்று நாங்கள் சொல்வது செயற்கைமுறைச் சினைப்படுத்தலை, காளையின் விந்தைக் குழாயால் மாட்டின் கருப்பைக்குள் வைப்பதை. நாலு ஊசியும் எந்தெந்தத் தேதியில் போட்டது என்று கேட்டேன். ஒன்று ஆதிகோணநாயகர் கோயில் கொடியேறின கிழமை, ஒன்று வயல் வெட்டு முடிந்த கையோடு, மற்றது ஞாபகமில்லை, கடைசி மட்டும் தெரியும். சரி, திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் பாதிப் பேர் இப்படித்தான் மாடு வளர்க்கிறோம், சில வருசம் முந்தி நானும் அப்படித்தான் இருந்தேன்.

நான் டொக்டர் இல்லை. ஐந்து பசு வைத்திருக்கிறேன், பட்டுத் தெரிந்ததும் கால்நடை வைத்திய அதிகாரியிடமும் ஊசி போட வருகிறவரிடமும் துருவித் துருவிக் கேட்டதும் சேர்ந்ததுதான் இது. மாடு சினை பிடிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஊசிக்குள் இல்லை, நாள் கணக்கிலும் தீனித் தொட்டியிலும் இருக்கிறது. எதில் பிழை என்பதை, மாடு காளையைத் தேடுகிற வேட்கை ஒன்றுக்கும் அடுத்த வேட்கைக்கும் இடையில் உள்ள நாட்களே பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் எண்ணுவதற்குத் தேதி வேண்டும்.

அதனால் சுவரில் தொங்குகிற கலண்டரில் நாலு விசயம் எழுதுங்கள்: கன்று போட்ட நாள், வேட்கை கண்ட நாளும் மணியும், ஊசி போட்ட மணி, விந்து அடைத்து வருகிற சின்னக் குழாயான ஸ்ட்ரோவில் அச்சிட்டிருக்கிற காளை இலக்கம். வேட்கை கண்ட நாளைப் பூச்சியம் என்று வையுங்கள். பசுவின் வட்டம் சராசரி 21 நாள், 18 முதல் 24 வரை இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. இனி உங்கள் மாட்டின் குறி எதுவோ அந்த இடத்துக்குப் போங்கள்.

கன்று போட்டு மூன்று மாதம், வேட்கையே காணோம்

முதல் 45 நாளை விடுங்கள். கருப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வரவே 40 நாள் மட்டில் எடுக்கும், அதற்குள் வேட்கை வந்தாலும் ஊசி வீண்தான். 60 நாள் போன பிறகு கண்ணை வைக்க வேண்டும், 90 தாண்டியும் இல்லையென்றால்தான் பிரச்சினை. அப்போது கீழே உள்ள ஒழுங்கிலேயே பாருங்கள், மாற்றிப் பார்த்தால் காசு போகும்.

முதலாவது, ஏற்கெனவே சினையா? சிரிக்காதீர்கள். என்னுடைய சிவலை ஏழு மாதமாக வேட்கைக்கே வரவில்லை, ஓமோன் ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும் என்று நானே அடம்பிடித்து டொக்டரைக் கூட்டி வந்தேன். அவர் கையுறையைத் தோள் வரைக்கும் இழுத்து, சவர்க்காரம் பூசி, பின்பக்கத்தால் கையை விட்டு, அரை நிமிடம் பேசாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். “நாலு மாசம் தம்பி” என்றார். வயல் வெட்டுக்குப் பிறகு மேய அவிழ்த்துவிட்ட நாட்களில் யாருடையதோ பட்டி நாம்பன் (காளை) வந்து அலுவலை முடித்துவிட்டுப் போயிருக்கிறது. வேட்கை வரவழைக்கப் போடுகிற புரோஸ்டாகிளாண்டின் ஊசியை அன்றைக்கு ஏற்றியிருந்தால் அந்தக் கன்று விழுந்திருக்கும். சோதிக்காமல் ஓமோன் ஏற்ற விடாதீர்கள். இன்னொன்று, அந்த மருந்து தோலால் உள்ளே போகும், கர்ப்பிணிகளும் தொய்வு (ஆஸ்துமா) வருத்தம் உள்ளவர்களும் போத்தலைக் கையால் தொடவே கூடாது.

இரண்டாவது, வேட்கை வந்து போகிறது, நீங்கள்தான் காணவில்லை. இதுதான் அதிகம். வேட்கை நிற்பது 12 முதல் 18 மணித்தியாலம், நாட்டு மாட்டிலும் சாஹிவால் என்கிற வெயில் தாங்குகிற இனத்தின் கலப்பிலும் அதைவிடக் குறைவு, அதிலும் வெயில் காலத்தில் மாடு பகலில் அடங்கிக் கிடந்துவிட்டு இரவிலும் விடியப்புறமும்தான் காட்டும். கொட்டில் திறக்கிறது ஏழு மணிக்கு, பூட்டுகிறது ஆறு மணிக்கு என்றால் அதை எப்படிக் காண்பது? விடியப்புறம் ஐந்தரைக்கு ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, இரவு ஒன்பது பத்துக்கு டோர்ச்சோடு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் இருபது நிமிடம் சும்மா நின்று பாருங்கள். தண்ணி காட்டிக்கொண்டும் சாணம் அள்ளிக்கொண்டும் பார்ப்பது பார்ப்பதல்ல.

பார்க்க வேண்டியது என்ன? மற்ற மாடு மேலே ஏறும்போது அசையாமல் நிற்கிறதா, அதுதான் நம்பக்கூடிய குறி. ஏறுகிற மாட்டை விட, ஏற விட்டு நிற்கிற மாடுதான் நமக்கு வேண்டும். கட்டி வளர்க்கிறவர்களுக்கு இது கிடைக்காது, ஆகவே காலையும் மாலையும் கொஞ்ச நேரம் அவிழ்த்து விடுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் வாலடியைப் பாருங்கள்: முட்டை வெள்ளைக்கரு மாதிரி, கண்ணாடி மாதிரி, அறாமல் தொங்குகிற சளி. காலையில் அது காய்ந்து வாலின் உட்பக்க மயிரில் பசை தடவியது போல ஒட்டியிருக்கும், விரலால் உரசினால் பொருக்காக உதிரும். வாலடி முதுகில் மயிர் கலைந்து சேறு அப்பியிருந்தால் இரவில் யாரோ ஏறியிருக்கிறார்கள். கத்துவது, பால் திடீரென்று குறைவது, அடிக்கடி சொட்டுச் சொட்டாக மூத்திரம் விடுவது எல்லாம் கூடவே வரும், ஆனால் அவை தனியாக வந்தால் நான் நம்புவதில்லை.

மூன்றாவது, வயிறு. நாலைந்து முழம் தள்ளி நின்று பாருங்கள். விலா எலும்பை எண்ண முடிகிறதா, இடுப்பெலும்பு கூர்மையாகத் துருத்துகிறதா, வாலடியின் இரு பக்கமும் குழி விழுந்திருக்கிறதா? டொக்டர்மார் இதை 1 முதல் 5 வரை புள்ளி போடுவார்கள், கன்று போடும்போது 3 முதல் 3.5 இருக்க வேண்டும், இரண்டரைக்குக் கீழே போனால் சூலகம் வேலையை நிறுத்திவிடும். கன்று போட்ட மாடு தின்னுவதை விடக் கூடுதலாகப் பாலில் இறைக்கிறது, மிச்சத்தை உடம்பிலிருந்து உருக்கி எடுக்கிறது. உருக்க ஒன்றும் இல்லாத மாடு அடுத்த கன்றைப் பற்றி யோசிக்காது. எங்கள் பக்கத்தில் இது வருசா வருசம் ஒரே மாதங்களில் வருகிறது. பெரும்போகம் விதைத்ததும் மாடுகளை வயலைவிட்டுக் காட்டுக்கரைக்கு ஓட்டுகிறோம், மழையில் நின்று மெலிகிறது. வெட்டுக்குப் பிறகு அரிகட்டையில் கொஞ்சம் தேறுகிறது. பிறகு கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று தொடங்கினால் ஆவணி, புரட்டாசி வரைக்கும் வைக்கோலைத் தவிர வாயில் வைக்க எதுவுமில்லை. 2022 டிசம்பரில் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டமாகச் செத்ததே, மாரிக்குள் மெலிந்த உடம்போடு போகிற மாடு எந்த நிலையில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

வைக்கோலை அப்படியே போடாமல் யூரியா தெளித்துப் போடலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 100 லீற்றர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, படை படையாகத் தெளித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி மூன்று கிழமை வைத்து, திறந்து மணம் பறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது, யூரியாத் தண்ணீர் தேங்கின வாளியை மாடு எட்டுகிற இடத்தில் வைக்கவும் கூடாது, குடித்தால் செத்துப்போகும். வேலியில் கிளிரிசிடியாவும் இபில் இபிலும் சும்மா நிற்கிறது, வெட்டிப் போட என்ன வருத்தம்? கனியுப்புக் கலவை ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி, 50 கிராம் மட்டில். அதில் உள்ள பொசுபரசும் செம்பும் நாகமும் வைக்கோலில் போதாது.

நாலாவது, கன்று. பகல் முழுக்கத் தாயோடு ஊட்டிக்கொண்டே நிற்கிற கன்று, தாயின் வேட்கையைத் தள்ளிப் போடும். கன்றை ஊட்ட விட்டுப் பால் இறக்கிக் கறக்கிற ஊர் வழக்கத்தை விடச் சொல்லவில்லை, கறந்து முடிந்ததும் பிரித்துக் கட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நாலும் சரியென்றால்தான் டொக்டரின் வேலை தொடங்குகிறது. அவர் சூலகத்தைத் தடவிப் பார்த்து மஞ்சட் சடலம், அதாவது முட்டை வெளியேறின இடத்தில் வளர்கிற திசு, இருக்கிறது என்றால் மாடு உள்ளுக்குள் வட்டம் சுற்றுகிறது, புரோஸ்டாகிளாண்டின் போட்டால் இரண்டு முதல் ஐந்து நாளில் வேட்கை வரும். சூலகம் சின்னதாக வழுவழுப்பாக இருந்தால் அந்த ஊசி பச்சைத் தண்ணீருக்குச் சமம். அதற்குப் புரொஜெஸ்தரோன் என்கிற ஓமோன் ஊறுகிற சாதனம் ஒன்றை யோனிக்குள் 7 நாள் மட்டில் வைத்து எடுக்கிற முறை இருக்கிறது. அதுவும் தேறின உடம்பில்தான் வேலை செய்யும், பட்டினிக்கு மருந்து தீனிதான்.

ஒழுங்காக 21 நாளில் திரும்ப வருகிறது

நல்ல செய்தி முதலில்: வட்டம் சரியாக இருக்கிறது, சூலகம் வேலை செய்கிறது. ஒன்று, இரண்டு தடவை திரும்பினால் பதறாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு ஊசிக்கு ஒன்று பிடித்தால் அது நல்ல கணக்கு. மூன்று ஊசி தாண்டியும் வட்டம் தவறாமல் திரும்பினால்தான் குறை தேட வேண்டும்.

அப்போது சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் நேரம். சூலகத்திலிருந்து முட்டை வெளியேறுவது வேட்கை அடங்கி 10, 12 மணித்தியாலம் கழித்து. விந்து அதற்குச் சில மணித்தியாலம் முந்தி உள்ளே போய்ச் சேர்ந்து காத்திருக்க வேண்டும். அதனால்தான் காலையில் கண்டால் பின்னேரம், பின்னேரம் கண்டால் மறுநாள் காலை என்கிற கணக்கு. இது வேட்கை தொடங்கியதைக் கண்டவனுக்கான கணக்கு. முந்தின நாள் இரவு எட்டு மணிக்குத் தொடங்கியதை நீங்கள் காலை ஏழு மணிக்குக் கண்டு, வயலுக்குப் போய் வந்து பதினொரு மணிக்குப் போன் எடுத்து, ஊசி போடுகிறவர் கந்தளாய்ப் பக்கம் இரண்டு வீடு முடித்துவிட்டு ஐந்து மணிக்கு வந்தால், விந்து முட்டைக்குப் பின்னால் ஓட வேண்டி வரும். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் இருக்கிறவர்களுக்குத் தூரமும் சேர்ந்துகொள்ளும். கண்ட உடனேயே போன் எடுங்கள், எப்போது கண்டது, இரவு கடைசியாக எப்போது பார்த்தது என்று இரண்டையும் சொல்லுங்கள், நேரத்தை அவர் முடிவெடுக்கட்டும்.

இரண்டாவது, ஸ்ட்ரோ. இதில் தொழிலை நாம் சந்தேகப்படத் தேவையில்லை, ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கலாம், நல்ல ஆள் கோபிக்க மாட்டார். விந்து திரவ நைதரசனில் −196 பாகை செல்சியசில் கிடக்கிறது. தொட்டிக் கழுத்துக்கு மேலே சில செக்கன் தூக்கிப் பிடித்துக்கொண்டு இலக்கம் வாசித்தாலே உள்ளுக்குள் பாதிப்புத் தொடங்கும், அது கண்ணுக்குத் தெரியாது. எடுத்ததும் 35 முதல் 37 பாகைச் சூட்டுத் தண்ணீரில் அரை நிமிடம் மட்டில் போட்டு உருக்கி, துடைத்து, வெட்டி, வெயில் படாமல் உடனே உள்ளே போக வேண்டும். நான் செய்வது ஒன்றுதான்: அவர் வருமுன் ஒரு சுடுதண்ணிப் போத்தலும் துடைக்கத் துணியும் நிழலில் ஒரு மேசையும் தயாராக வைத்திருப்பேன். முந்தி ஒரு தடவை, பெயர் வேண்டாம், ஒருவர் ஸ்ட்ரோவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கயிறு அறுத்த மாட்டைப் பிடிக்க என்னோடு வளவு முழுக்க ஓடினார். பிழை அவரிடம் பாதி, மாட்டைக் கட்டி வைக்காத என்னிடம் பாதி.

ஊசி போட்டபின் சளி வடிந்தால் “விந்து எல்லாம் வெளிய வந்திட்டு” என்று சண்டைக்குப் போகாதீர்கள். உள்ளே போனது கால் மில்லிலீற்றரோ அரை மில்லிலீற்றரோதான், அதைக் கருப்பைக் கழுத்தைத் தாண்டி வைக்கிறார்கள், வெளியே வடிவது மாட்டின் சொந்தச் சளி.

மூன்றாவது, வெயில். இதைத்தான் எங்கள் மாவட்டத்தில் ஆரும் கணக்கில் எடுப்பதில்லை. வைகாசி தொடங்கிக் கச்சான் அடிக்கிற மாதங்களில் பகல் முழுக்க மூச்சிரைக்க நிற்கிற மாட்டில் வேட்கையின் நீளமும் குறையும், கருத்தரித்த பிறகு முதல் கிழமைக்குள் முளையமும் செத்துப்போகும். அது அவ்வளவு சீக்கிரம் போவதால் மாடு ஒழுங்காக 21இல் திரும்பி வரும், நமக்கு ஊசி பிடிக்கவே இல்லை என்று தெரியும். ஊசி போட்ட நாளிலிருந்து ஒரு கிழமையாவது வேப்ப மர நிழலில் கட்டுங்கள், தகரக் கொட்டிலென்றால் மேலே கிடுகு போடுங்கள், மத்தியானம் தண்ணீர் ஊற்றுங்கள், குடிதண்ணீரை எப்போதும் முன்னால் வையுங்கள். பால் கறக்கிற நல்லினப் பசு வெயில் காலத்தில் ஒரு நாளைக்கு 60 லீற்றருக்கு மேல் குடிக்கும், காலை ஒரு வாளி மாலை ஒரு வாளி எந்த மூலைக்கு? வெயில் நாம்பனையும் விடாது. விந்து உருவாகி முடிய இரண்டு மாதம் எடுப்பதால் ஆனி வெயிலின் விளைவு ஆவணியிலும் தெரியும்.

இதோடு ஒட்டின ஒரு கருத்து, கோபிக்க வேண்டாம். பால் கூட என்று கேள்விப்பட்டு முழுப் பிரீசியன் மாட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள் குளிரான நுவரெலியாவில் இருந்தால் சரி. இங்கே சாஹிவால் இரத்தம் கொஞ்சம் கலந்திருக்க வேண்டும்: சாஹிவால், ஜேர்சிக் கலப்பு, ஏ.எஃப்.எஸ். (அவுஸ்திரேலிய பிரீசியன் சாஹிவால்) என்று ஊசிக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். இரண்டு லீற்றர் குறைந்தாலும் வருசத்துக்கு ஒரு கன்று கிடைக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் திரும்புகிற மாட்டில் கருப்பைக்குள் வெளியே தெரியாத அழற்சி இருக்கலாம், முட்டை பிந்தி வெளியேறலாம், அதெல்லாம் டொக்டர் பார்க்க வேண்டியது. நீங்கள் கலண்டரைக் கையில் கொடுங்கள், அவருக்குப் பாதி வேலை குறையும்.

40, 43 நாளில் வருகிறது, அல்லது கணக்கே இல்லாமல் வருகிறது

36 முதல் 48 என்றால் இடையில் ஒரு வேட்கை போயிருக்கிறது, நீங்கள் நித்திரை. பிழை மாட்டில் இல்லை.

25 முதல் 35 என்றால் கவலைப்படலாம், பிடித்த முளையம் கொஞ்சம் வளர்ந்து செத்திருக்கக்கூடும். ஒரே நாம்பனுக்கு விட்ட பல மாடுகள் இப்படி முன்னும் பின்னும் திரும்பினால் நாம்பன் நோய் காவுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரைக்கோமோனாஸ், கம்பைலோபக்டர் மாதிரிக் கிருமிகள் நாம்பனுக்கு ஒரு குறியும் காட்டாமல் மாட்டுக்கு மாடு ஏறிப் போகும். செயற்கைமுறைச் சினைப்படுத்தல் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம், நல்ல இனம் மட்டுமல்ல.

10, 12 நாளில் வந்தால் இரண்டில் ஒன்று வேட்கையே இல்லை, ஏதோ கத்தியதைப் பார்த்து ஊசி போட்டிருக்கிறீர்கள்.

ஒரு பொறி இருக்கிறது. சினைப்பட்ட மாட்டிலும் சிலது இடையில் வேட்கை மாதிரிக் காட்டும். ஊசி போட்டு இரண்டு மூன்று மாதம் அமைதியாக இருந்துவிட்டு ஒரு நாள் கத்தினால் உடனே ஊசிக்குச் சொல்லாதீர்கள், கருப்பைக் கழுத்தைத் தாண்டிக் குழாய் போனால் உள்ளே இருக்கிற கன்று போய்விடும். முதலில் சினை சோதனை. கையால் பார்க்க 60 நாள் வரை பொறுப்பது பத்திரம், ஸ்கான் இருந்தால் 30 நாளிலேயே தெரியும்.

சளியின் நிறம் மாறியிருக்கிறது

கண்ணாடி மாதிரி என்றால் வேட்கை, மேலே சொல்லிவிட்டேன். இரத்தம் கலந்து வந்தால் பலர் பயப்படுகிறார்கள், சிலர் அன்றைக்கே ஊசிக்கு ஓடுகிறார்கள், இரண்டும் தேவையில்லை. வேட்கை முடிந்து ஒன்று முதல் மூன்று நாளில் வருகிற இரத்தம் அது, பிடித்ததையும் சொல்லாது பிடிக்காததையும் சொல்லாது. வேட்கையைக் காணாமல் இரத்தத்தை மட்டும் கண்டால் அது உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த தேதி: அங்கிருந்து 16ஆம் நாள் தொடங்கி டோர்ச்சை எடுங்கள்.

வெள்ளைத் திரி திரியாக, தயிர் கரைத்தது போல வந்தால் கருப்பையில் அழற்சி. அந்த வேட்கைக்கு ஊசி போடக் கூடாது, மருந்து போட்டு ஒரு வட்டம் விட வேண்டும். கன்று போட்டு இரண்டு கிழமை வரைக்கும் செங்கபிலமாக மணமில்லாமல் வடிவது வழமைதான். அதுவே பத்து நாளுக்குள் கருஞ்சிவப்பாகத் தண்ணீர் மாதிரி, கொட்டிலுக்குள் நிற்க முடியாத நாற்றத்தோடு வந்து, மாடு காய்ச்சலில் தீனி எடுக்காமல் நின்றால் காலையில் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே டொக்டர்.

இந்த அழற்சியில் பெரும்பங்கு தொடங்குவது இளங்கொடியில் (நஞ்சுக்கொடி). கன்று போட்டு 12 மணித்தியாலத்துக்குள் விழ வேண்டியது, 24 தாண்டியும் தொங்கினால் டொக்டருக்குச் சொல்லுங்கள். செங்கல், பழைய செருப்பு கட்டித் தொங்க விடுகிற வேலை வேண்டாம், இழுத்துப் பிடுங்கவும் வேண்டாம், பிடுங்கினால் கருப்பைச் சுவர் கிழிந்து அடுத்த இரண்டு கன்றும் அதோடு போகும். தானாக விழுந்த பிறகு பாலுள்ள மரத்தில் கட்டுவதென்றால் கட்டுங்கள், அதில் எனக்கு வாதமில்லை.

சினை பிடித்தது, ஐந்தாறு மாதத்தில் விழுந்துவிட்டது

ஒரு மாடு ஒரு தடவை என்றால் விழுந்தது, முட்டியது, காய்ச்சல் என்று எதுவாகவும் இருக்கலாம். ஐந்து மாதத்துக்குப் பிறகு விழுந்து, இளங்கொடியும் விழாமல் நின்றால் புரூசெல்லோசிஸ் என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். இது மனிதருக்குத் தொற்றும், விட்டு விட்டு மாதக் கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியும் தரும். விழுந்த கன்றையும் கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், கையுறை இல்லையென்றால் இரண்டு சொப்பிங் பையைக் கையில் கட்டுங்கள். நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், அந்த வீட்டுக் கர்ப்பிணிப் பெண்ணைக் கொட்டில் பக்கம் விடாதீர்கள், பாலைக் கொதிக்க வைக்காமல் ஆரும் வாயில் வைக்கக் கூடாது. அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லி இரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும். விழுந்த மாட்டை ஒன்றும் சொல்லாமல் சந்தையில் தள்ளிவிடுகிற பழக்கம் இருக்கிறதே, அதைப் பற்றி எழுதினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். தடுப்பூசி பெண் கன்றுக்கு மட்டும், 4 முதல் 8 மாத வயதுக்குள். அந்த மாதங்களைத் தவற விடாதீர்கள், கலண்டர் இருக்கிறதுதானே.

ஓயாமல் கத்துகிறது, கிழமைக்கு ஒரு தடவை ஏறுகிறது

நாம்பன் மாதிரிக் கழுத்துத் தடித்து, மண்ணைக் கிளறி, எல்லா மாட்டிலும் ஏறினால் சூலகத்தில் நீர்க்கட்டி. ஊசி மேல் ஊசி போடுவது வீண். டொக்டர் ஓமோன் கொடுத்துக் கரைப்பார், பெரும்பாலானவை திருந்தும்.

நாகு (கன்று போடாத இளம் பசு) வளர்ந்துவிட்டது, வேட்கை இல்லை

வயதைச் சொல்லாதீர்கள், நிறையைச் சொல்லுங்கள். வளர்ந்த மாட்டின் நிறையில் 60, 65 வீதம் வந்தால்தான் நாகு தயார். தராசு தேவையில்லை. தையல்காரரின் டேப்பால் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள், தோள் முனையிலிருந்து பின்னிடுப்பு எலும்பு வரை நீளம் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் பிரித்தால் கிலோ. என் கறுப்பி நாகுக்குச் சுற்றளவு 56, நீளம் 46: 219 கிலோ மட்டில் வந்தது. தாய் 350 கிலோ, ஆகவே 210 போதும், போட்டேன். அதே வயது பக்கத்து வீட்டு நாகு 160 கூட இல்லை, அதற்கு வேட்கையைத் தேடுவதை விட்டுவிட்டுப் பூச்சி மருந்தும் புண்ணாக்கும் கொடுக்கச் சொன்னேன்.

இரட்டைக் கன்றில் ஒன்று நாம்பன், மற்றது நாகு என்றால், அந்த நாகு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலடுதான். வயிற்றிலேயே இரத்த ஓட்டம் கலந்து அதன் உறுப்புகள் வளராமல் போயிருக்கும். கன்றாக இருக்கும்போதே டொக்டரிடம் காட்டி முடிவெடுங்கள், மூன்று வருசம் தீனி போட்டுவிட்டு அழாதீர்கள்.

எருமை

கிண்ணியாக் காக்கா ஒருவர் தயிருக்காகப் பட்டி வைத்திருக்கிறார், இதை வாசித்துவிட்டு எருமையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பார். எருமைக்கும் 21 நாள்தான், ஆனால் வேட்கையை ஒளிப்பதில் எருமையை மிஞ்ச ஆளில்லை: ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது குறைவு, காட்டுவது இரவில், சளியைச் சேற்றில் படுத்துக் கழுவிவிடும். கண்ணை நம்பி ஊசி போடுவது கடினம், ஊசிதான் வேண்டுமென்றால் டொக்டரைக் கொண்டு ஓமோனால் வேட்கையை நாள் குறித்து வரவழைத்துப் போடலாம். நாம்பன் விடுகிறவர்கள் 25 எருமைக்கு ஒன்று என்று விட்டு, மூன்று வருசத்தில் மாற்றுங்கள், இல்லையென்றால் அது தன் மகளிலேயே ஏறும். சினைக் காலம் பசுவுக்கு 280 நாள் மட்டில், எருமைக்கு 310. இந்த ஒரு மாத வித்தியாசத்தை மறந்து நாள் கடந்துவிட்டது என்று பதறி டொக்டரை எழுப்பியவர்களும் உண்டு.

மாமாவின் கதைக்கு வருகிறேன். ஊசி போட்டபோது கொடுத்த துண்டுகளை மாமி சீனி டின்னுக்குள் போட்டு வைத்திருந்தார், நாலும் கிடைத்தது. இடைவெளி 22, 43, 21. வட்டம் கடிகாரம் மாதிரி, இடையில் ஒன்றை மட்டும் இவர் காணவில்லை. நாலு துண்டிலும் ஊசி போட்ட நேரம் பின்னேரம் நாலுக்கும் ஆறுக்கும் இடையில். இரவில் எப்போதாவது பார்த்தீர்களா என்று கேட்டேன். “இரவில மாட்டுக்க என்ன வேலை” என்றார். அடுத்த வட்டத்தின் 18ஆம் நாளிலிருந்து மாமியை டோர்ச்சோடு விட்டோம். 21ஆம் நாள் இரவு ஒன்பதரைக்கு மாமி வேலியடியில் நின்று சத்தம் போட்டார், மறுநாள் காலை எட்டு மணிக்கு ஊசி, ஒரு கிழமை வேப்ப மரத்தடி. அந்த ஊசிக்குப் பிறகு 18ஆம் நாளுக்கும் 24ஆம் நாளுக்கும் இடையில் ஒவ்வொரு இரவும் பார்த்தார்கள், ஒன்றும் காட்டவில்லை. இன்றைக்கு 41ஆம் நாள். மாமா கன்றுக்குப் பெயர் வைத்துவிட்டார், நான் 60 வரைக்கும் வாயைத் திறப்பதாக இல்லை.